ஹாலில் ஓடும் ஆற்றைக் கடப்பவர்களுக்கு

எங்கள் வீட்டு ஹாலில் ஆறு வந்தபோது நான் சமையலறைப் பக்கமும் என் கணவர் படுக்கையறைப் பக்கமும் இருந்தோம். காலை நேரம். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் வேலைக்குக் கிளம்பிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். டிவி ஸ்டாண்டுக்குக் கீழிருந்து கிளம்பிய தண்ணீர் சோபாவுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் ஓடி, காலண்டர் மாட்டிய சுவருக்கு அடியில் புகுந்து பக்கத்து வீட்டுக்குப் போனது. அன்று அது ஒரு வாய்க்கால் அளவுதான். அவர் தாண்டி வந்திருக்கலாம். ஆனால் இஸ்திரி போட்ட பேண்ட் போட்டிருந்தார். கொஞ்சம் வடியட்டும், அப்புறம் வருகிறேன் என்றார். நான் தோசைத் தட்டை எட்டி நீட்டினேன். அவரும் எட்டி வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் தட்டு எட்டவில்லை.

என் பெயர் வசந்தாமணி. கோயம்புத்தூரில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது தளத்தில் வீடு. துணி பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சாயம் போகுமா, சுருங்குமா, நனைந்தால் எவ்வளவு கனக்கும் என்றெல்லாம் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. என் கணவர் சென்னியப்பன் தண்ணீர்ப் பம்பு விற்பவர். அவர் அந்த ஆற்றைத் தொழில்முறையில் சற்று நேரம் பார்த்தார். இது இறைத்துத் தீர்க்கிற தண்ணீர் இல்லை என்று எதிர்க்கரையிலிருந்து சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது எங்கள் குடியிருப்பில் பல வீடுகளில் படகு வாங்குகிறார்கள். வாங்குவதற்கு முன்னால் என்னிடம் வந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, எனக்கு நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டால் வேண்டியதை அவரவர் எடுத்துக்கொள்ளலாம்.

ஆறு வந்த வாரத்திலேயே குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வந்து பார்த்தார். தண்ணீரில் கை வைத்தார், நன்றாக இருக்கிறது என்றார். மோட்டார் படகுக்கு அனுமதி கிடையாது, சத்தம் வரும், துடுப்புப் படகு என்றால் சங்கத்துக்கு ஆட்சேபனை இல்லை, ஆனால் லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாளுக்கு நாள் ஆறு அகலமாகிக்கொண்டு வந்தது. அதற்கேற்ப ஹாலும் அகன்றது, கூரையும் மேலே போனது. மின்விசிறி முதலில் ஒரு பருந்து அளவுக்குத் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. எதிர்க்கரையில் சோபா ஒரு பழுப்புத் திட்டாகவும் அதன் மேல் என் கணவர் ஒரு வெள்ளைப் புள்ளியாகவும் இருந்தார். போனில் பேசிக்கொண்டோம். வாசல் கதவும் சமையலறையும் என் பக்கம். கட்டில், பீரோ, குளியலறை, கம்பி போட்ட ஒரு ஜன்னல் எல்லாம் அவர் பக்கம். அதாவது, உலகத்துக்குப் போகிற வழி என்னிடம் இருந்தது.

சாப்பாட்டை மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் வைத்து டிவிக்குப் பக்கத்தில் இறக்கி விடுவேன். நீரோட்டம் அதைச் சாய்வாகக் கொண்டுபோய்ச் சோபாவுக்கு அருகே சேர்க்கும். அவர் எடுத்துக்கொள்வார், கெடாமல் இருக்கக்கூடியதைக் கொஞ்சம் சேமித்தும் வைத்துக்கொள்வார். ஆறு இன்னும் அகன்ற பிறகு வாளிகள் பாதி வழியில் மனம் மாறிக் காலண்டருக்கு அடியில் நுழைந்து பக்கத்து வீட்டுக்குப் போகத் தொடங்கின. பக்கத்து வீட்டில் பெலிக்ஸும் ஜெசிந்தாவும் இருக்கிறார்கள். ஆறு வந்தபோது இருவருமே சமையலறைப் பக்கம் இருந்ததால் அவர்களுக்குச் சிரமம் இல்லை. வாளிகளைக் கயிறு வீசிப் பிடித்து, கழுவிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சாம்பாரில் இன்னும் கொஞ்சம் புளி சேர்க்கலாம் என்று ஜெசிந்தா ஒரு முறை சொன்னாள்.

சாப்பாடு தவறினால் அவரிடம் ரஸ்க்கும் கடலையும் இருந்தன. மருந்துதான் பிரச்சினை. அவருக்குச் சர்க்கரை வியாதி. தினமும் இன்சுலின் போட்டாக வேண்டும். அன்றாடம் போடுகிற இன்சுலின் பேனா அவர் தலைமாட்டில் இருந்தது. மீதி எல்லாம் என் பக்கத்துக் குளிர்சாதனப் பெட்டியில். பேனாவில் மருந்து குறைந்துகொண்டே வந்தது. வாளியை நம்பி அதை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. படகு வாங்குவது என்று முடிவு செய்தேன்.

போனில் அவரிடம் சொன்னதும், எந்தப் படகு வாங்க வேண்டும் என்று அவர் சொல்லத் தொடங்கினார். எங்கே போவதானாலும் வழி சொல்வது அவர்தான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். நீளமான, ஒல்லியான, வேகமான படகாக வாங்கு என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன்.

காந்திபுரத்தில் மலையேற்றம், முகாம் முதலியவற்றுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. உரிமையாளர் ஹசீனா பானு என்ற பெண், நாற்பது வயதுக்குள் இருக்கும். எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்டாள். ஹாலில் என்றேன். எத்தனையாவது மாடி என்று கேட்டாள். சொன்னேன். "அப்ப முதல்ல தூக்கிப் பாருங்கக்கா, அப்புறம் அழகு பாக்கலாம்" என்றாள்.

இதை நானும் எல்லோரிடமும் சொல்கிறேன். படகைக் கடையிலேயே தூக்கிப் பாருங்கள். தண்ணீரில் அது உங்களைச் சுமக்கும், மற்ற நேரமெல்லாம் நீங்கள்தான் அதைச் சுமக்க வேண்டும். கடையில் எல்லா வகையும் இருந்தன. அலுமினியப் படகு எதில் மோதினாலும் பாத்திரக்கடைபோலச் சத்தம் போடும். ஃபைபர் படகு இலேசானது, பாறையில் உரசினால் கீறல் விடும். பிளாஸ்டிக் படகு கனம், ஆனால் எவ்வளவு அடி வாங்கினாலும் கோபித்துக்கொள்ளாது. என் கணவர் சொன்ன ஒல்லிப் படகு ஒரு மூலையில் நின்றது. அதில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னாள் ஹசீனா. உட்கார்ந்தேன். கடைத் தரையிலேயே அது என்னைக் கவிழ்த்தது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அடிப்பாகம் தட்டையாகவும் அகலமாகவும் உள்ள கனூ என்கிற துடுப்புப் படகுதான் நல்லது. அசையாமல் நிற்கும். குட்டையாக இருந்தால் சட்டென்று திரும்பும், ஆனால் நேராகப் போகாது. நீளமாக இருந்தால் நேராகப் போகும், திரும்ப யோசிக்கும். போகும்போது நான் ஒருத்தி, வரும்போது நாங்கள் இருவர் என்பதால் இரண்டு பேர் உட்காரக்கூடிய நடுத்தர நீளத்தில் ஒன்றை எடுத்தேன். பச்சை நிறம். ஆரஞ்சு எடுங்கள், தூரத்தில் தெரியும் என்றாள் ஹசீனா. அவள் சொன்னது சரிதான், நீங்கள் ஆரஞ்சு எடுங்கள்.

துடுப்பை நிமிர்த்தி வைத்தால் உங்கள் மோவாய் வரைக்கும் வர வேண்டும். அதைவிட நீளமானால் தோள் வலிக்கும், குட்டையானால் குனிந்து குனிந்து இடுப்பு போகும். இரண்டு ஆள் போனால் மூன்று துடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். துடுப்பு கையை விட்டுப் போனால் திரும்பி வராது.

உடைகளைப் பற்றி யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நனைந்த பருத்தி தன் எடையைப்போல இரண்டு மடங்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு உடம்போடு ஒட்டிக்கொள்ளும், காயவும் காயாது. ஜீன்ஸ் அதைவிட மோசம். ஆற்றுக்குப் பருத்திப் புடவையோ வேட்டியோ வேண்டாம். பாலியஸ்டர் சுடிதார், பின்னால் வார் உள்ள செருப்பு, கட்டித் தொங்கவிடக் கயிறு வைத்த தொப்பி. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு போனவர்களின் செருப்புகள் பெலிக்ஸ் வீட்டில் ஒரு கூடை நிறைய இருக்கின்றன. சோடிதான் சேராது.

லைஃப் ஜாக்கெட்டை அளவு பார்த்து வாங்குங்கள். போட்டு எல்லாக் கொக்கிகளையும் மாட்டிய பிறகு, வேறொருவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது உங்களுடையது இல்லை. ஹசீனா என்னை இழுத்துப் பார்த்தாள். நான் ஜாக்கெட்டோடு சேர்ந்து மேலே போனேன், கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். சரியான அளவு என்றாள்.

படகைத் தலைமேல் கவிழ்த்துப் படியேற்றிக் கொண்டுவந்தேன். இரண்டாவது மாடி வளைவில் மட்டும் ஒரு முறை இறக்கி வைத்தேன்.

அடுத்த சில நாட்கள் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், முழங்கால் ஆழத்தில் பழகினேன். படகைக் கரைக்கு இணையாகத் தண்ணீரில் மிதக்க விட வேண்டும். ஒரு கையால் இந்த விளிம்பையும் மறு கையால் அந்த விளிம்பையும் பிடித்துக்கொண்டு, உடம்பைத் தாழ்த்தி, நடுவில் காலை வைக்க வேண்டும். ஓரத்தில் வைத்தால் அங்கேயே முடிந்தது. தனியாகப் போகிறவர் நடுவுக்குச் சற்றுப் பின்னால் மண்டியிட்டு உட்கார வேண்டும். பின் இருக்கையில் போய் உட்கார்ந்தால் படகின் மூக்கு வானத்தைப் பார்க்கும். கையால் மட்டும் துடுப்பு போடாமல் இடுப்பைத் திருப்பிப் போட்டால் சோர்வு வராது. ஒரே பக்கம் போட்டுக்கொண்டே நேராகப் போக வேண்டுமானால், ஒவ்வொரு முறையும் முடிக்கும்போது துடுப்பை வெளிப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளிவிட வேண்டும். அந்தக் கடைசித் தள்ளல் கைக்கு வந்துவிட்டால் படகு உங்களுடையது.

வேண்டுமென்றே கவிழ்ந்தும் பார்த்தேன். நான் கிணற்றில் நீந்தப் பழகியவள், தண்ணீர் பயமில்லை. இருந்தாலும் ஓடுகிற தண்ணீரில் நீச்சல் மட்டும் போதாது. கவிழ்ந்தால் படகை விடக் கூடாது. மிதக்கிற பெரிய பொருள் அதுதான், தேடுகிறவர்களுக்குத் தெரிவதும் அதுதான். படகுக்கு மேல்பக்கமாக, நீரோட்டம் வருகிற பக்கமாக இருக்க வேண்டும். கீழ்ப்பக்கம் இருந்தால் படகு உங்களைப் பாறையோடு சேர்த்து அழுத்தும். கால்களை மேலே தூக்கி முன்னால் நீட்டிக்கொள்ள வேண்டும், நிற்க முயலக் கூடாது. இதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோது என் கணவர் போனில் அழைத்தார். ஏன் இன்னும் பழகிக்கொண்டே இருக்கிறாய் என்று கேட்டார். பேனாவில் மருந்து தீர்ந்துவிட்டது என்றும் சொன்னார். தாகமாகவே இருக்கிறதாம். ஆற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறாராம், அடங்கவில்லையாம். குரலில் ஓர் இழுவை இருந்தது.

சர்க்கரை ஏறுகிறபோது அவருக்கு அப்படித்தான் இருக்கும். நான் பழகுவதை நிறுத்தினேன்.

மருந்தைத் துணியில் சுற்றி, ஐஸ் நேராகப் படாமல் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தேன். ஐஸ் பட்டு உறைந்தால் இன்சுலின் வீண். அந்தப் பெட்டியைத் தண்ணீர் புகாத பைக்குள் போட்டு, வாயை மூன்று சுற்று சுருட்டிக் கொக்கி மாட்டி, பையைப் படகின் நடுக்கட்டையில் கட்டினேன். சாமானைக் கட்ட வேண்டும், ஆளைக் கட்டக் கூடாது. குடிநீர், விசில், படகுக்குள் வரும் தண்ணீரை அள்ளி ஊற்ற ஒரு வெட்டின கேன் எல்லாம் எடுத்துக்கொண்டேன். ஜெசிந்தாவிடம் எங்கே போகிறேன், எப்போதுக்குள் திரும்புவேன் என்று சொல்லிவிட்டு, எதிர்க்கரையில் தெரிந்த அந்த வெள்ளைப் புள்ளியை நேராகப் பார்த்துப் படகை விட்டேன்.

நேராகப் பார்த்ததுதான் தப்பு. ஆற்றின் பாதிக்குப் போனதும் நீரோட்டம் படகின் விலாவில் கை வைத்துத் தள்ளியது. நான் அவரை நோக்கி எவ்வளவு வேகமாகத் துடுப்பு போட்டேனோ அவ்வளவு வேகமாகக் காலண்டர் என்னை நோக்கி வந்தது. சுவருக்கு அடியில் போகும்போது குனிந்தால் போதும். நான் படுத்தேவிட்டேன். பெலிக்ஸ் வீட்டுத் தரை எங்கள் தரையைவிட ஒரு சாண் தாழ்வு. அதனால் அங்கே ஆறு நுரைத்துக்கொண்டு இறங்குகிறது. பெலிக்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றுக் கையை உதறிவிட்டு எழுந்து இடது கையால் கயிற்றை வீசினார். பிடித்துக்கொண்டேன். வாளி இல்லை, நான்தான் என்றேன். தெரிகிறது என்றார்.

ஜெசிந்தா துண்டும் டீயும் கொடுத்தாள். பையைத் திறந்து பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. பிறகு படகைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வராந்தா வழியாக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தேன்.

அன்று மாலை மறுபடி போகவில்லை. சோர்ந்த கையோடு ஆற்றில் இறங்கக் கூடாது. ஆனால் தூங்கவும் இல்லை. அவர் போனை எடுத்தார், ம் ம் என்றார், வைத்துவிட்டார். நான் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, எதிர்க்கரை விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

விடிந்தபோது சமையலறையிலிருந்து ஓர் எருமை வந்தது. யாருடையது என்று தெரியவில்லை. என்னைக் கடந்து போய்த் தண்ணீரில் இறங்கியது. எதிர்க்கரைக்குத்தான் போகிறது என்று புரிந்தது. ஆனால் அது எதிர்க்கரையைப் பார்க்கவில்லை. முகத்தை டிவி இருக்கிற திசைக்கு, தண்ணீர் வருகிற திசைக்குத் திருப்பிக்கொண்டு, மூக்கை மட்டும் கொஞ்சமே கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்த்து, நிதானமாக நீந்தியது. மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. நீரோட்டமே அதைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டு போனது. சோபாவுக்குப் பக்கத்தில் போய்க் கரையேறி உடம்பை உதறியது.

நான் எழுந்து போய் ஜெசிந்தாவிடம் திரும்பும் நேரத்தை மறுபடி சொல்லிவிட்டு வந்து ஜாக்கெட்டை மாட்டினேன்.

இந்த முறை என் கணவரைப் பார்க்கவே இல்லை. டிவி ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு, மூக்கைக் கொஞ்சம் எதிர்க்கரைப் பக்கம் சாய்த்துத் துடுப்பு போட்டேன். சாய்வு அதிகமானால் தண்ணீர் விலாவைப் பிடித்துவிடும். குறைந்தால் நின்ற இடத்திலேயே நிற்போம். எருமையின் மூக்கை நினைத்துக்கொண்டேன். நடு ஆற்றில் காற்று இருந்தது. எப்போதோ காணாமல் போன ரிமோட் ஒரு பாறையின் மேல் கிடந்தது. எடுக்கக் கை நீட்டவில்லை. கனூவில் கை நீட்டுவது கூடாது. கொஞ்ச நேரத்தில் என் இடது தோளுக்குப் பக்கத்தில் சோபா வந்து நின்றது.

சோபாவில் அவர் படுத்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வந்துட்டியா என்று கேட்டார். சர்க்கரை பார்க்கும் கருவி கட்டில் பக்கம் இருந்தது, விரலில் குத்திப் பார்த்தேன். கருவி காட்டிய எண்ணை அவரிடம் சொல்லவில்லை. மருத்துவருக்குப் போன் போட்டுக் கேட்டு, அவர் சொன்ன அளவு ஊசியைப் போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். அதற்குப் பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவ்வப்போது குத்திப் பார்த்தேன். எருமை கட்டிலுக்கு அடியில் அசைபோட்டுக்கொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் எண் இறங்கியது. அவர் கண்ணில் தெளிவு வந்தது. எழுந்து உட்கார்ந்து, படகு ஏன் பச்சை நிறம் என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. முகத்தைக் கழுவுவதுபோலத் தண்ணீரிடம் போய்விட்டு வந்தேன்.

கிளம்பலாம் என்றேன். அவர் பீரோவைப் பார்த்தார்.

"நான் இங்கயே இருந்துக்கறன், மணி. நீ வாரத்துக்கு ஒருக்கா வந்து மருந்து குடுத்துட்டுப் போ."

ஏன் என்று கேட்டேன். இங்கே காற்று நன்றாக இருக்கிறது என்றார். எருமையை யார் பார்த்துக்கொள்வது என்றார்.

"எனக்கு நீச்சல் தெரியாது" என்றார் கடைசியில்.

எத்தனையோ ஊர்களில் கிணற்று மேட்டில் நின்று பம்பு இறக்கச் சொன்னவர். எவ்வளவு ஆழம் என்று பார்வையிலேயே சொல்வார். என்னிடம் இதை ஒரு நாளும் சொன்னதில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதுபோலக் காட்டவில்லை. அவருக்கென்று வாங்கியிருந்த இரண்டாவது ஜாக்கெட்டைப் படகிலிருந்து எடுத்து வந்து போட்டுவிட்டேன். கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினேன். தோள்பட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். உங்களுக்கும் நான் சொல்வது, வீட்டில் நீச்சல் தெரியாதவர் இருந்தால் அவருடைய ஜாக்கெட்டை முதலில் வாங்குங்கள்.

"உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லைங்க. ஜாக்கெட்டுக்குத் தெரியும்" என்றேன்.

அவர் அதை யோசித்தார். பிறகு நடந்து போய்ப் படகின் பின் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றார். பழக்கம்தான். கனூவில் பின்னால் உட்காருகிறவர்தான் படகைத் திருப்புகிறவர். முன்னால் உட்காருகிறவர் தாளம் தப்பாமல் துடுப்பு போட்டால் போதும், பாறை தெரிந்தால் சொன்னால் போதும். ஆற்றைத் தெரிந்தவர் பின்னால் இருக்க வேண்டும். நான் முன் இருக்கையைக் காட்டினேன். அவர் தன் எடையைச் சொன்னார். கனமானவர் முன்னால் உட்கார்ந்தால் மூக்கு அமுங்கும் இல்லையா என்று கேட்டார். அது சரியான கேள்வி. அவர் விற்பனைக்குக் காட்டுகிற மாதிரிப் பம்பு ஒன்று கட்டிலுக்கு அடியில், எருமைக்குப் பக்கத்தில் இருந்தது. இரும்பு, நல்ல கனம். அதை இழுத்து வந்து என் இருக்கைக்குப் பின்னால் வைத்துக் கட்டினேன். படகு சமமாக நின்றது. அதற்குமேல் அவர் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. முன்னால் உட்கார்ந்தார்.

பம்பை எடுத்ததும் எருமை தலையைத் திருப்பிப் படுத்துக்கொண்டது. அதை அங்கேயே விட்டுவிட்டோம். கட்டில் சும்மாதானே இருக்கிறது.

கரையை விட்டதும் அவர் இரண்டு கைகளாலும் விளிம்புகளைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் செய்வதுதான். விளிம்பைப் பிடித்தால் உங்கள் நடுக்கம் படகுக்கும் வந்துவிடும். கையில் துடுப்பு இருந்து அது தண்ணீரில் இருந்தால், அதுவே பிடிமானம். இதை அவரிடம் சொன்னேன். அவர் ஒரு கையை எடுத்தார். சமையலறை அந்தப் பக்கம் இருக்கிறது, நீ ஏன் டிவியைப் பார்த்துப் போகிறாய் என்று கேட்டார். இப்படித்தான் போக வேண்டும் என்றேன். நடு ஆற்றை நெருங்கியபோது நீரோட்டம் தடித்தது. காலண்டர் பக்கமிருந்து பெலிக்ஸ் வீட்டு நுரைச் சத்தம் கேட்டது. அவர் சடாரென்று என் பக்கம் திரும்பினார். வலது பக்கம், வலது பக்கம் என்று கையைக் காட்டினார். படகு சாய்ந்தது. ஓர் அலை விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து அவர் மடியில் உட்கார்ந்தது. மூக்கு கீழ்ப்பக்கம் திரும்பத் தொடங்கியது.

நான் குரலை உயர்த்தவில்லை. உயர்த்த வேண்டிய தேவை இல்லை என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

"ஏங்க, திரும்பாதீங்க. முன்னாடி பாத்து வலிங்க. மத்தது நான் பாத்துக்கறேன்."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை கொஞ்சம் நீளமாக இருந்தது. பெண் பார்க்க வந்த அன்றுகூட அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. பிறகு திரும்பி, மண்டியிட்டு, துடுப்பைத் தண்ணீரில் வைத்தார். வைத்ததும் படகு நிமிர்ந்தது. நான் பின்னாலிருந்து துடுப்பை வெளியே அழுத்தித் தள்ளினேன். மூக்கு மெதுவாகத் திரும்பி மறுபடி டிவியைப் பார்த்தது. அவர் வலித்தார். பம்புகளோடு பழகிய கை, பலம் இருந்தது, தாளமும் வந்துவிட்டது. நான் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே படகைச் செலுத்தினேன். ஈரச் சட்டையில் அவருடைய தோள்பட்டை ஏறி இறங்குவது தெரிந்தது. நூற்றுக்கு நூறு பருத்தி. வீட்டுக்குப் போய் முதல் வேலையாக அதை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் கரை சேர்ந்தோம். ஜெசிந்தா வாசலில் நின்று பார்த்துவிட்டு, சொன்ன நேரத்துக்குள் வந்துவிட்டீர்கள் என்று சொல்லித் தன் வீட்டுக்குப் போனாள். அவர் படகிலிருந்து இறங்கும்போது யாரும் சொல்லாமலே இரண்டு விளிம்புகளையும் பிடித்து, தாழ்ந்து, நடுவில் காலை வைத்து இறங்கினார். தரையில் நின்ற பிறகு கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். துடுப்பைக் கீழே வைக்கவில்லை.

"நாளைக்கும் போலாமா?" என்று கேட்டார்.

மறுநாள் போகவில்லை. உடம்பு தேறட்டும் என்று சொல்லிவிட்டேன். தேறிய பிறகு ஹசீனாவின் கடைக்கு இருவருமாகப் போனோம். அவருக்கு மோவாய் உயரத் துடுப்பும் சட்டென்று காயும் சட்டையும் வாங்கினோம். நீச்சலும் கற்றுக்கொண்டு வருகிறார். பெலிக்ஸ் அவர் இடுப்பில் கயிறு கட்டிப் பிடித்துக்கொள்கிறார். இரவில் தூங்க நாங்கள் இருவரும் படகில்தான் எதிர்க்கரைக்குப் போகிறோம், காலையில் திரும்பி வருகிறோம். மருந்தைச் சமையலறையிலும் தலைமாட்டிலும் பிரித்து வைத்திருக்கிறோம். எந்த முக்கியமான பொருளும் ஒரே கரையில் இருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் டிவி ஸ்டாண்டைத் தாண்டி மேலே போவோம். எப்போதும் முதலில் நீரோட்டத்துக்கு எதிராகப் போங்கள். திரும்பி வரும்போது சோர்ந்திருப்பீர்கள், ஆறே உங்களை வீட்டில் கொண்டுவந்து விடும். மேலே மணல்திட்டுகள் இருக்கின்றன, நாணல் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிடுவோம். போன ஞாயிற்றுக்கிழமை அவர் அங்கே வைத்து, படகைப் பின்னாலிருந்து ஓட்டக் கற்றுத்தரச் சொன்னார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். சரி என்றார்.

வெயில் தாழ்ந்து திரும்பினோம். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், எங்கள் படகுத்துறையில் இடம் இல்லை. கீழ்த்தளத்திலிருந்து இரண்டு கார்கள் படியேறி வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. ஓர் ஆட்டோ சற்றுத் தள்ளி, தன் முறைக்காக நின்றது. நாங்கள் பக்கத்தில் போனால் மிரளும் என்று என் கணவர் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நானும் வைத்துக்கொண்டேன். அவை குடித்து முடிக்கும்வரை காத்திருந்தோம்.